மலையில் பிறந்த நீலம் தீவில் கரை சேர்ந்த வழி

யாழ்ப்பாணத் தீவுகளில் மலை கிடையாது. நெடுந்தீவின் முருகைக்கல் மதில்கள், நயினாதீவின் கோபுரம், ஊர்காவற்றுறையின் தேவாலயங்கள், எங்கும் பனை: நிலமட்டத்தை விட்டு எழுந்து நிற்பவை இவ்வளவுதான். இலங்கையின் ஆக உயர்ந்த மலையான பீதுருதலாகலை 2,524 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். இரண்டும் எங்கள் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாதவை. இருந்தும், தைலவர்ணம் பழகவேண்டுமென்று இங்கே ஒரு பிள்ளை ஆசைப்பட்டால், பார்த்துக் கீறுவதற்கு முதலில் தேடி எடுப்பது பெரும்பாலும் ஒரு மலைக்காட்சியாகவே இருக்கக் கண்டிருக்கிறேன். பின்னால் பனி மூடிய சிகரம், நடுவில் மரங்கள் அடர்ந்த சரிவு, முன்னால் ஏரியும் பாறையும். கலண்டரிலோ பழைய புத்தகத்திலோ கிடைத்த படம். நானும் அப்படியொரு படத்தில்தான் தொடங்கினேன்.

கண்டறியாத மலையை ஏன் கீறவேண்டும், முற்றத்துப் பனையைக் கீறினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அச்சுப்படத்தைப் பார்த்துப் படி எடுப்பதைக் கலையில் சேர்க்கவே கூடாது என்பவர்களும் உண்டு. இருவருக்குமான பதில் அந்தப் படத்தில் உள்ள ஒரு நிறத்திடம் இருக்கிறது: தூரத்து மலைத்தொடருக்குப் பூசும் அல்ட்ராமரீன் நீலம். அது எங்கே பிறந்து எப்படி இங்கே வந்தது என்று பின்தொடர்ந்து பார்த்தால், தட்டை நிலத்துப் பிள்ளை மலையைப் படி எடுக்கும்போது உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறது என்பது விளங்கும்.

சுரங்கமும் குகையும்

அந்த நீலத்தின் ஊர் ஆப்கானிஸ்தானின் வடகிழக்கு மூலை, பதக்சான். கொக்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள சர்-இ-சங் சுரங்கங்களில் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லை 6,000 ஆண்டுகளுக்கு மேலாக வெட்டி எடுத்துவருகிறார்கள். முதலில் அது மணியாகவும் நகையாகவும் ஊர்சுற்றியது. சிந்துவெளி நகரங்களில் அந்த மணிகள் கிடைத்திருக்கின்றன. மெசொப்பொத்தேமியாவில் ஊர் என்ற நகரத்து அரச கல்லறைகளிலும் கிடைத்திருக்கின்றன. கல்லை அரைத்து நிறமாக்கிச் சுவரில் பூசும் வேலை பிறகு வந்தது.

அதே ஆப்கானிஸ்தானில்தான் பாமியான் இருக்கிறது. 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட இரண்டு பெரிய புத்தர் சிலைகளும் நின்ற மலைமுகத்தைச் சுற்றிலும் குகைகள். அவற்றின் சுவரோவியங்களிலிருந்து எடுத்த சிறு துணுக்குகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்து, முடிவை 2008 இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 7 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சில ஓவியங்களில் உலரும் எண்ணெய் கலந்திருந்தது. அக்ரூட் கொட்டையின் எண்ணெயாகவோ கசகசா எண்ணெயாகவோ இருக்கலாம் என்று கண்டார்கள். தைலவர்ணத்தை ஐரோப்பாவின் 15 ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, ஆசியாவின் மலைநடுவே, பெயர் தெரியாத கைகள் நிறத்தை எண்ணெயில் குழைத்திருக்கின்றன. ஓவியம் பழகும் எங்கள் பிள்ளைகள் இந்தச் செய்தியைக் கட்டாயம் அறிந்திருக்கவேண்டும். இரவல் கலையைத் தொடுகிறோம் என்ற கூச்சம் அதோடு போய்விடும்.

எண்ணெய் உலர்வது என்றால் என்ன? தண்ணீர் காய்வது வேறு, இது வேறு. ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஒட்சிசனை வாங்கித் தனக்குள் பின்னிப் பிணைந்து கெட்டித் தோலாகிறது. அதனால் உலரத் தொடங்கும்போது அதன் எடை குறைவதில்லை, சிறிது கூடுகிறது. எங்கள் வீடுகளில் புழங்கும் தேங்காயெண்ணெய்க்கு இந்தக் குணம் இல்லை. எத்தனை மாதம் வைத்தாலும் பிசுபிசுப்பாகவே இருக்கும். நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகும். ஓவியத்துக்கு அது போதாது. தேங்காயும் எள்ளும் நிறைந்த கரையில் தைலவர்ணம் தானாக முளைக்காமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். ரசனைக் குறைவால் நேர்ந்ததல்ல அது.

சூளையில் மறுபிறப்பு

இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்த நீலக்கல்லை நிறமாக்குவது பெரும்பாடு. வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறத் தூள்தான் மிஞ்சும். நீலத்தோடு கலந்திருக்கும் வெள்ளைக் கல்லையும் மஞ்சள் மினுக்கத்தையும் பிரித்தெடுக்க வேண்டும். 1400 ஐ ஒட்டிய காலத்தில் சென்னினோ சென்னினி என்ற ஓவியர் எழுதிவைத்த கைநூலில் அந்த முறை இருக்கிறது. தூளைப் பைன் பிசின், மாஸ்டிக் பிசின், தேன்மெழுகு ஆகியவற்றோடு உருண்டையாக்கி, நாள்கணக்கில் மா பிசைவதுபோலப் பிசைந்து, சாம்பல்காரத் தண்ணீருக்குள் அமுக்கினால் நீலம் மட்டும் கசிந்து அடியில் தங்கும். முதலில் கசிவது தங்கத்தோடு விலை பேசும் நீலம். கடைசியில் வருவது சாம்பல். ஓவியத்துக்குப் பணம் கொடுப்பவர்கள், மாதாவின் மேலாடைக்கு எந்தத் தரத்து நீலம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிய காலம் அது.

அந்த நீலம் ஏழைக்கும் கிடைக்கத் தொடங்கிய கதை சுண்ணாம்புச் சூளையில் ஆரம்பிக்கிறது. 1787 இல் சிசிலித் தீவின் பலெர்மோவுக்குப் போன ஜெர்மன் கவிஞர் கோதே, அங்குள்ள சுண்ணாம்புச் சூளைகளின் உட்சுவரில் நீலப் படிவு இருப்பதையும், உள்ளூர்க்காரர் அதை அலங்கார வேலைக்கு எடுப்பதையும் குறித்துவைத்தார். பிறகு பிரான்சில் சோடா உலைகளிலும் அதேபோன்ற படிவு தென்பட்டது. 1824 இல் பிரெஞ்சுத் தொழில் ஊக்குவிப்புச் சங்கம், கல்லின் நீலத்தைச் செயற்கையாகச் செய்துகாட்டுபவருக்கு 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. 1828 இல் ழான் பப்டிஸ்ட் கிமே அதை வென்றார். ஜெர்மனியில் கிமெலின் என்ற வேதியியல் பேராசிரியரும் அதே ஆண்டில் தன் முறையை வெளியிட்டார். வெண்களி, சோடா, கந்தகம், கரி ஆகியவற்றைச் சேர்த்துச் சூளையில் சுட்டால் நீலம் வந்துவிடுகிறது. கல்லில் இருந்த நீலமும் கந்தகத்தின் வேலைதான்: மும்மூன்று கந்தக அணுக்கள் ஒரு படிகக் கூட்டுக்குள் அடைபட்டு நிற்பதால் எழும் நிறம் அது.

முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பாக்கிய மக்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது. அதோடு இந்த நீலத்துக்கு ஒரு குணம் உண்டு. அமிலம் பட்டால் அழிந்துவிடும். காரத்தில் நிலைத்து நிற்கும். ஆகவே சுண்ணாம்போடும் சவர்க்காரத்தோடும் நன்றாக ஒத்துப்போகும். விலை விழுந்ததும் அது சலவை நீலமாக உலகமெங்கும் பரவியது. இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் நிறுவனத்தின் நீலக்கட்டிகளும், இந்தியாவில் ராபின் புளூ என்ற பெயரில் அறியப்பட்ட தூளும் இந்த அல்ட்ராமரீனை வைத்தே செய்யப்பட்டவை. வெள்ளை வேட்டி கடைசியாக அலசும் தண்ணீரிலும் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பிலும் கொஞ்சம் நீலம் கலக்கும் வழக்கத்தை அறியாத தமிழ் வீடு குறைவு. மஞ்சள் ஏறிய வெள்ளையை நீலம் சமன்செய்வதால் கண்ணுக்கு அது பளிச்சென்று படுகிறது. ஓவியப் பெட்டியைத் திறக்கும் முன்பே எங்கள் ஆட்களுக்கு இந்த நீலத்தோடு பழக்கம் இருந்திருக்கிறது. நிறங்களைச் சமன்செய்யும் முதற்பாடத்தை அவர்கள் கொடியில் உலர்த்திய துணியில் படித்துவிட்டார்கள்.

ஓவியருக்கு அது கையடக்கமாகக் கிடைக்க இன்னொரு கண்டுபிடிப்பு வேண்டியிருந்தது. 1841 வரை குழைத்த வர்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். ஒருமுறை குத்தித் திறந்தால் பிறகு காய்ந்து வீணாகும். அந்த ஆண்டில், இலண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட், பிதுக்கும் தகரக்குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். குழாய் வந்ததும் தைலவர்ணம் கடல் கடக்கத் தயாரானது.

தமிழ்க் கைகளுக்கு வந்தது

தென்னிந்தியாவில் இந்த வர்ணத்தைப் பழகுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு ரவிவர்மாவின் இளமை சாட்சி. 1868 இல் தியடோர் ஜென்சன் என்ற ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தபோது, இருபது வயது ரவிவர்மாவுக்குக் கிடைத்தது பக்கத்தில் நின்று பார்க்கும் அனுமதி மட்டுமே. அதற்கு முன்பே, அரண்மனை ஓவியர் ஒருவர் கற்றுத்தர மறுத்தபோது, அவருடைய உதவியாளரான ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக வந்து கலவை நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். பார்த்துப் பழகியும் மறைந்து கற்றும் பெற்ற அந்த வித்தை, 1894 இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தின் வழியே படங்களாக வீடுவீடாகப் போனது.

பின்னால் மலை வைத்த படங்கள் தமிழருக்குப் பழகிப்போனதற்கு இன்னொருவரையும் சொல்லவேண்டும். சென்னைக் கலைப்பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி வாழ்ந்தவர். காடு, அரண்மனை, அருவி விழும் மலை என்று காட்சிக்கு ஒரு திரை. 1940 களில் கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு, கலண்டர் ஓவியத்துக்கு மாறினார். நாடகத்திரையின் மலை அங்கே தெய்வங்களின் பின்னால் போய் நின்றது. சிவகாசி அச்சில் ஆயிரக்கணக்காகப் பெருகியது. தமிழ்ப்பிள்ளை ஒன்று சுவரைப் பார்த்து முதன்முதலில் உணரும் தொலைவு பல வீடுகளில் இந்தக் கலண்டர் மலைதான்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கல்விக்கு அமைப்பான வடிவம் கொடுத்தவர்களில் எஸ். ஆர். கனகசபை முக்கியமானவர். அவர் 1938 இல் தொடங்கிய ஓவியக் கழகம், இலங்கைப் பாடசாலைச் சித்திரக் கல்விக்குத் தலைமை அதிகாரியாக இருந்த சி. எஃப். வின்சரின் பெயரைத் தாங்கியது. கண்ணால் காண்பதை உள்ளபடி வரையும் பயிற்சி அந்தத் தலைமுறைக்கு உயிராக இருந்தது. அடுத்த தலைமுறையில் குருநகரைச் சேர்ந்த அ. மாற்கு கொழும்பு நுண்கலைக் கல்லூரியில் டேவிட் பெயின்ரரிடம் படித்தார். பெயின்ரர் இலண்டன் றோயல் அக்கடமியில் பயின்றவர். கண்டி திரித்துவக் கல்லூரி ஆலயத்தில் அவர் எழுதிய சுவரோவியங்களில் நற்செய்திக் காட்சிகள் இலங்கை நிலத்தில், இலங்கை மனிதரோடு நடக்கின்றன. வெளியூரில் கற்ற கை தன் நிலத்துக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தச் சுவர் நல்ல பாடம். மாற்கு மாஸ்டர் அதை இன்னும் தூரம் கொண்டுபோனார். உள்ளபடி வரையும் பயிற்சியைக் கடந்து கோட்டையும் உருவத்தையும் தன் மொழிக்கு மாற்றினார். 1959 இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தத் தொடங்கி அடுத்த தலைமுறையை வளர்த்தார். அவருடைய படைப்புகளில் பெரும்பகுதி போர்க்கால இடப்பெயர்வுகளில் அழிந்துபோனது. தீவுகளிலும் 1990 களின் தொடக்கத்தில் ஊரூராக மக்கள் வெளியேறினார்கள். வீட்டோடு சுவரும், சுவரோடு படமும் போயின. எங்கள் ஓவிய வரலாற்றைப் பேசும்போது, கண்ணால் காணமுடியாமற்போன படங்களுக்கும் ஓர் இடம் விட்டே பேசவேண்டும்.

மலையைப் படி எடுக்கும்போது

இப்போது அந்த நீலக்குழாய் பண்ணைப் பாலத்தைத் தாண்டி ஊர்காவற்றுறைக்கோ, குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கோ வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை முன்னால் மலைப்படம். என்ன செய்யவேண்டும்?

முதலில் படத்தின் மேல் கட்டம் போட்டு, துணியிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, பெரிய வடிவங்களை மட்டும் இடம் மாறாமல் கீறிக்கொள்ளவேண்டும். பிறகு தூரத்திலிருந்து அருகுக்கு வரவேண்டும்: வானம், பின்மலை, நடுமலை, மரங்கள், கடைசியாக முன்பாறை. அடிப்பூச்சில் டர்பன்டைன் கூட்டி மெல்லியதாகவும், மேலே போகப்போக எண்ணெய் கூட்டியும் பூசவேண்டும். கொழுப்புக் கூடிய பூச்சு அடியில் இருந்தால் அது மெதுவாக உலரும். மேற்பூச்சு முன்னதாக இறுகி வெடித்துவிடும்.

அடுத்தது நீலம். குழாயிலிருந்து வரும் அல்ட்ராமரீன் கறுப்புக்கு நெருங்கிய கடும் நிறம், ஒளி ஊடுருவும் தன்மை உடையது. வெள்ளையைக் கூட்டக் கூட்டத்தான் அதன் நீலம் வெளிப்படும். எரித்த சியன்னா என்ற செம்மண் நிறத்தோடு கலந்தால் அருமையான சாம்பல் நிறங்கள் கிடைக்கும். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், மண் கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். மலைப்படத்தின் பாறை முழுவதையும் இந்த இரண்டு குழாயும் வெள்ளையும் கொண்டே கட்டியெழுப்பலாம்.

இங்கேதான் படி எடுப்பதன் பெரிய பாடம் இருக்கிறது. மரம் மூடிய தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? இடையில் உள்ள காற்று சூரிய ஒளியின் நீலப் பகுதியைக் கூடுதலாகச் சிதறடிக்கிறது. 1871 இல் ரேலி என்ற இயற்பியலாளர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். இருண்ட மலைக்கும் நமக்கும் நடுவே அந்த நீல ஒளி திரையிட்டு நிற்கிறது. ஆனால் தூரத்துப் பனிச்சிகரம் நீலமாவதில்லை. அதிலிருந்து வரும் வெள்ளை ஒளி வழியில் நீலத்தை இழந்து, இளமஞ்சள் ஏறியே கண்ணுக்கு வந்து சேர்கிறது. கவனமில்லாத கை தூரத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நீலம் பூசும். படத்தை ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்துக் கலக்கும் கை இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும். சிகரத்தின் ஒளிப்பக்கத்துக்கு மஞ்சள்மண் ஒரு துளி சேர்க்கவேண்டுமென்று எந்த ஆசிரியரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளும். மலையைக் கீறுவதாக நினைத்துக்கொண்டு பிள்ளை கற்றுக்கொள்வது காற்றை. தொலைவு என்றால் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை.

தட்டை நிலம் இதைக் கற்பிப்பது கடினம். மலைச்சரிவில் ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து தொலைவுகள் அடுக்கி நிற்கும். ஒவ்வொன்றின் நிறத்தையும் அடுத்ததோடு ஒப்பிடலாம். எங்கள் கரையில் முன்னால் மணல், பிறகு கடல், முடிவில் ஒரு கோடு. பழகாத கண்ணுக்கு அந்தக் கோட்டில் எதுவும் அகப்படாது. அதனால்தான் தொடக்கத்துக்கு மலை நல்ல ஆசிரியர் என்கிறேன்.

கரையில் சோதிக்க வேண்டும்

கற்ற கலவையோடு அந்தப் பிள்ளை குறிகட்டுவான் துறையில் நின்று நயினாதீவைப் பார்த்தால் ஆச்சரியம் காத்திருக்கிறது. மலைப்படத்து நீலத்தை அப்படியே பூசினால் தீவு பொய்யாகிவிடும். எங்கள் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. அந்தத் துளிகள் காற்றணுக்களைவிடப் பெரியவை; எல்லா நிறத்தையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிக்கும். ஆகவே மலைநாட்டுத் தொலைவு நீலிப்பதுபோல எங்கள் தொலைவு நீலிக்காது, அது வெளுக்கும். அக்கரைப் பனைவரிசைக்கு நீலத்தைக் குறைத்து வெள்ளையைக் கூட்டி, மண்நிறத்தைத் தொட்டுச் சேர்க்கவேண்டும். மழைக்குப் பிறகு காற்று துப்புரவானால் நீலம் சற்றுத் திரும்பி வரும். நேரத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும் இந்தக் கணக்கை எந்தக் கலண்டரும் தராது. ஆனால் மலையைப் படி எடுத்திராத கண்ணுக்கு, இப்படியொரு கணக்கு இருக்கிறதென்றே தெரிந்திருக்காது.

மற்றக் கலவைகள் கைவிடுவதில்லை. பாறைக்குப் பழகிய நீலமும் சியன்னாவும் சேர்ந்த சாம்பல், நெடுந்தீவின் முருகைக்கல் மதிலுக்கு அப்படியே பொருந்தும். அதே இரண்டையும் வெள்ளையில்லாமல் கலந்தால் பனந்தண்டின் கருமை கிடைக்கும். அல்ட்ராமரீனில் சிவப்புச் சாயல் உண்டு. அதனால் மஞ்சளோடு சேர்ந்தால் மங்கிய பச்சையே வரும். தளிர்ப் பச்சைக்கு அது உதவாது. தூசி படிந்த பனையோலைக்கோ அதைவிடப் பொருத்தமான பச்சை வேறில்லை. சுண்ணக்கல் அடித்தளத்தின்மேல் ஆழமில்லாமல் கிடக்கும் எங்கள் கடலின் தெளிந்த பச்சைநீலத்தை மட்டும் இந்தக் குழாயால் எட்டமுடியாது. அதற்குப் பச்சைச் சாயல் கொண்ட வேறு நீலம், பிரஷ்யன் நீலம் போன்ற ஒன்று, வேண்டும். பதக்சான் மலையில் பிறந்த நிறத்தின் எல்லை எங்கள் களப்புக் கடலில் தெரிந்துவிடுகிறது.

ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளை மலைப்படத்தைக் கொண்டுவந்தால் தடுக்காதீர்கள். சொந்தமாகக் கீறு என்று முதல்நாளே வெறுந்துணியின் முன் நிறுத்தாதீர்கள். ஒரு மலையை முழுமையாக, அவசரமில்லாமல், கலவை ஒவ்வொன்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டு படி எடுக்கவிடுங்கள். அது முடிந்த உடனே அதே தட்டோடும் அதே குழாய்களோடும் துறைக்குக் கூட்டிப்போங்கள். முதற்பாதியோடு நின்றுவிடுவதால்தான் படி எடுப்பதற்குக் கெட்ட பெயர் வந்தது. இரண்டாம் பாதியையும் சேர்த்து நடத்தினால், தீவுப் பள்ளிக்கூடங்களிலிருந்து தங்கள் கடலின் நிறத்தைத் தாங்களே கணக்கிட்டுக் கலக்கத் தெரிந்த ஒரு தலைமுறை வரும். போரில் படங்களை இழந்த மண்ணுக்கு அப்படிப்பட்ட கைகள் நிறைய வேண்டியிருக்கின்றன.